உப்பை விட்ட கனகாம்பாள்

கனகாம்பாள் குடிக்கிறாள் என்று சுலைமான் பாய் தன்னிடம் சொன்னதாக, பாய் பெயரை எங்கும் இழுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு, காசிவிசுவநாதன் என்னிடம் சொன்னான். சொன்ன இடம் கனகாம்பாளின் சாப்பாட்டுக் கிளப்பு. அவள் கையால் ஊற்றிய வத்தக்குழம்பு அவன் இலையில் இன்னும் ஓடி முடிக்கவில்லை.

“மெதுவாப் பேசுய்யா” என்றேன்.

“மெதுவாத்தானே பேசுறேன்? நீயே பாரு. கை கால் குச்சி, வயிறு மட்டும் குடம். ஈரல் கெட்டாத்தான் அப்படி ஆகும். குடிச்சாத்தான் ஈரல் கெடும். இன்னும் என்ன சாட்சி வேணும்?”

“பாய் கண்ணால பாத்தாரா?”

“சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துல அம்மா பின்சந்து வழியாப் போகுதாம். அங்கே ஒரு பர்மாக்காரி வீடு இருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு வாயைத் துடைச்சுக்கிட்டு வெளியே வருதாம். வர்றப்போ வாய் நிறைய வெத்தலை. வாசனையை அமுக்கத்தானே? முருகன் கோயிலுக்கா பின்சந்து வழியாப் போவாங்க?”

இதற்குள் கனகாம்பாள் ரசப் பாத்திரத்தோடு எங்கள் வரிசைக்கு வந்துவிட்டாள்.

“என்ன அங்கே குசுகுசுன்னு? ஏன் செட்டியாரே, குழம்புல ஏதாவது குறையா?”

“குறையா? அமிர்தம்மா, அமிர்தம்!”

“அமிர்தத்தையா இலையோரமா ஒதுக்கி வெச்சிருக்கீங்க? சாப்பிடுங்க. உங்க வீட்டு ஆச்சி கப்பலேறி வந்தா என் கழுத்தையில்ல பிடிப்பாங்க, எம்புருஷனை எலும்பாக்கிட்டியேன்னு.”

அவள் அப்படித்தான். திட்டாமல் ஒரு கவளம் சோறு போடத் தெரியாது. ரங்கூன் மொகல் தெருவிலிருந்து இரண்டு சந்து தள்ளி, சுலைமான் பாயின் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் அந்தக் கிளப்பு இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் அந்த வட்டாரத்துத் தமிழ்க் குமாஸ்தாக்களில் பாதிப்பேர் அந்த மாடிப்படியை ஏறியவர்கள்தான். வாசலில் ‘சுத்த சைவக் கிளப்பு’ என்று தமிழிலும், கீழே அதையே இங்கிலீஷிலும் எழுதிய பலகை. இங்கிலீஷ் வரி என் கைவேலை. எனக்கு இரண்டு பாஷையும் தெரியும் என்பதால் அவளுக்கு வரும் முனிசிபல் நோட்டீஸ்களைப் படித்துச் சொல்வதும் என் பொறுப்பு. அதற்குக் கூலியாக மோர் மட்டும் கணக்கில்லாமல் கிடைக்கும்.

காசிவிசுவநாதன் ஒரு செட்டியார் கடையில் அடுத்தாள். பெரிய ஏஜெண்டுக்கு அடுத்த படியில் உட்கார்ந்திருப்பவன். விபூதி இல்லாமல் பல்கூடத் துலக்க மாட்டான். பர்மாக் கடைகளைத் தாண்டிப் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொள்வான். அவனைப்போல் இருபது முப்பது சைவர்கள் அந்தக் கிளப்பை நம்பித்தான் கடல் தாண்டி உயிர் வாழ்ந்தார்கள்.

கனகாம்பாளின் புருஷன் முனிசிபல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து காலமானவர். “ஊருக்குப் போய்ச் சேரேன்” என்று எல்லோரும் சொன்னபோது, “கப்பல் எனக்கு ஒத்துக்காது, குமட்டும்” என்று ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிட்டு அடுப்பை மூட்டியவள் அவள். பதினோரு வருஷமாக அந்த அடுப்பு அணைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு வயிறு பெருத்ததை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் யாருக்கு எது நேர்ந்தாலும் அது பெரிய வியாதியின் ஆரம்பம் என்று நினைப்பது என் சுபாவம். அதனால் என் கவலையை நானே நம்புவதில்லை. காசிவிசுவநாதன் வம்பு பேசிய அன்றுதான், கவலைப்பட இன்னொருவனும் இருக்கிறான் என்ற தைரியத்தில் அவளிடம் நேரே கேட்டேன்.

“வாயுதான்” என்றாள்.

“வாயுவுக்குக் காலும் வீங்குமா?”

குனிந்து பாதத்தைப் பார்த்தாள். கட்டைவிரலால் அமுக்கினாள். குழி விழுந்தது. விழுந்த குழி எழுந்திருக்கவில்லை. இட்லி மாவில் விரல் பதிந்ததுபோல் அப்படியே நின்றது.

“அட, இது எப்போ வந்தது?” என்றாள், வாசலில் நிற்கும் விருந்தாளியைப் பார்ப்பதுபோல.

டாக்டர் ராஜரத்தினத்தின் டிஸ்பென்சரி தெருமுனையில்தான். அவர் மதராஸில் படித்தவர். நோயாளியிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறவர். நான் திரைக்கு இந்தப்புறம் உட்கார்ந்தேன். பார்க்க முடியாததால் எல்லாம் காதில் விழுந்தது.

“வீட்டுக்காரர் பெயர் என்ன, அம்மா?”

கட்டில் மட்டும் கிரீச்சிட்டது.

“பெயர்?”

“அவுங்க பேரை நான் எப்படிச் சொல்றது? சிதம்பரத்துல ஆடுறாரே, அவர் பேரு.”

“நடராஜனா?”

“இல்லே. இன்னொரு பேரு இருக்குல்ல.”

“சபாபதி” என்று நான் திரைக்கு இந்தப்புறமிருந்து கத்தினேன். அந்தக் காலத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் என்றாலும், தனியாக ஒரு கிளப்பை நடத்தி இருபது ஆண்களை அதட்டுகிற கனகாம்பாள், புருஷன் பெயரைப் பதினோரு வருஷம் கழித்தும் நாக்கில் ஏற்றமாட்டாள் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

பிறகு தட்டுகிற சத்தம். டொம், டொம், டொம். அப்புறம் தப், தப். “ஒருக்களிச்சுப் படுங்க.” மறுபடி தட்டல். முன்பு ‘தப்’ என்ற இடம் இப்போது ‘டொம்’ என்றது.

“மிருதங்கமா வாசிக்கிறீங்க?” என்றாள் கனகாம்பாள்.

“தண்ணி எங்கே நிக்குதுன்னு பாக்குறேன். நீங்க திரும்பினா அதுவும் திரும்புது.”

“பானையில நீர்மோர் கெடக்கிற மாதிரியா?”

“அதே மாதிரி. உள்ளங்கையைக் காட்டுங்க. எவ்வளவு நாளா இப்படிச் சிவந்திருக்கு?”

“அடுப்புச் சூடு.”

“தோள்ல சின்னச் சின்னதாச் சிவப்புச் சிலந்தி மாதிரி இருக்கே, இதுவும் அடுப்பா?”

அடுத்த கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது.

“குடிக்கிற பழக்கம் உண்டா, அம்மா?”

திரை ஆடியது. “காப்பியே ரெண்டாம் டிகாக்ஷன்தான் குடிப்பேன்! என்னைப் பாத்தா...”

“கோவிக்காதீங்க. கேக்கணும், கேட்டேன். காமாலை வந்திருக்கா?”

வந்திருந்தது. புருஷன் செத்த வருஷத்தில். கீழாநெல்லி அரைத்துக் குடித்தாள், கண்ணில் மஞ்சள் போய்விட்டது, அத்தோடு மறந்துவிட்டாள். மஞ்சள்தான் போனது என்றார் டாக்டர். ஈரல் உள்ளே வடுப்பட்டு, வருஷக்கணக்காகச் சுருங்கிக் கெட்டியாகியிருக்கிறது. அதன் வழியாகப் போகவேண்டிய ரத்தம் போக வழியில்லாமல் பின்னால் தேங்குகிறது. தேங்கினால் கசியும், கசிந்தது வயிற்றில் நிற்கிறது. குடிகாரர்களுக்கு வரும் அதே வியாதிதான், குடிக்காதவர்களுக்கும் வருகிறது. ஒவ்வொருவருக்கும் ஏன் வருகிறது என்று தனக்குத் தெரியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

“கெட்ட ஈரலைப் புதுசாக்க என்கிட்ட மருந்து இல்லை. ஆனா மிச்சமிருக்கிற ஈரலை வெச்சு நல்லாவே குடித்தனம் நடத்தலாம். பத்தியம் இருக்கணும். உப்பை அடியோட விடணும். உப்பு உள்ளே போனா தண்ணியைப் பிடிச்சு நிறுத்திக்கும். விட்டீங்களா, உயிரோட இருக்கலாம். விடலியா, நான் தண்ணியை எடுக்க எடுக்க அது ஊறிக்கிட்டே இருக்கும், உடம்பு கரைஞ்சு போயிடும்.”

“இவ்வளவுதானே?” என்றாள் கனகாம்பாள். “விட்டேன்.”

அன்று டிராம் வண்டியில் என் அறைக்குத் திரும்பும்போது நான் என் வயிற்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த சீனாக்காரர் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தார்.

தொப்புளுக்குக் கீழே குழாய் ஊசி இறக்கித் தண்ணீர் எடுத்தார்கள். வாளியில் இளம் வைக்கோல் நிறத்தில் அது இறங்கியதைப் பார்த்த கனகாம்பாள், “இதை வெச்சுக்கிட்டா நான் ரெண்டு மாடி ஏறி எறங்கினேன்?” என்று அதிசயித்தாள். வயிறு அடங்கியது. மறுநாளே அடுப்படியில் நின்றாள்.

உப்பையும் விட்டாள்; இதில் சந்தேகமே கிடையாது. தன் சோற்றைத் தனிப் பானையில் வடித்தாள். மோரில் ஒரு கல் போடவில்லை. டாக்டர் ருசி பார்ப்பதுகூட வேண்டாம் என்றாரோ இல்லையோ, கிளப்புச் சமையலையும் ருசி பார்க்காமலே இறக்கினாள். “கோயில் மடப்பள்ளியில நாக்குல வெச்சா பாக்குறாங்க? சாமி சாப்பிடலே? நீங்க என்ன சாமியை விட ஒசத்தியா?” என்றாள். ஒருநாள் சாம்பாரில் உப்பு தூக்கல், ஒருநாள் உப்பே கிடையாது. இருபது சைவர்களும் சாமிகளைப்போல் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார்கள்.

நிறை பார்ப்பதும் டாக்டர் உத்தரவு. தண்ணீர் ஊறினால் வயிற்றுக்கு முன்னால் தராசுக்குத் தெரியும் என்றார். கீழே சுலைமான் பாய் கடையில் ஆணி மூட்டை நிறுக்கிற பெரிய தராசு இருந்தது. தினமும் காலையில், கடை திறந்ததும் கனகாம்பாள் அதன் மேல் ஏறி நிற்பாள். பாய் வீசைக்கல்லை எடுத்து வைத்துவிட்டு, மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவள் எடையைத் தன் கடைச்சரக்கின் கணக்கிலேயே சொல்வார்.

“அக்கா, இன்னைக்கு ஒரு மூட்டை ரெண்டங்குல ஆணியும் கொஞ்சம் கொக்கியும்.”

“நேத்து?”

“நேத்து கொக்கி இல்லே.”

கொக்கி கூடிக்கொண்டே போனது. மூன்று வாரத்தில் வயிறு பழையபடி குடம். மறுபடி குழாய் ஊசி. பாதரச மருந்தை ஊசியில் ஏற்றிப் பார்த்தார் டாக்டர். ஒருநாள் முழுதும் மூத்திரமாகப் போயிற்று, நாலு நாளில் மறுபடி ஊறியது. பேதி மருந்து கொடுத்தார். அதற்கும் அப்படியே.

என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உப்பில்லாம இருக்கிற உடம்புல இவ்வளவு வேகமா ஊறாது. எங்கேயோ ஒளிச்சுச் சாப்பிடுறாங்க.”

“சத்தியமா இல்லே டாக்டர். தனக்குன்னு வெச்சிருந்த உப்பு ஜாடியையே என் கையில கொடுத்துட்டாங்க.”

“அப்படின்னா ஜாடிக்கு வெளியே எங்கேயோ இருக்கு. கண்டுபிடிங்க. ஒவ்வொரு தடவை தண்ணி எடுக்கிறப்பவும் அவங்க பலத்தையும் சேத்துத்தான் எடுக்கிறேன். ரொம்ப நாள் இப்படி ஓட்ட முடியாது.”

அவர் குரலில் விளையாட்டு இல்லை. காசிவிசுவநாதன் சொன்ன பின்சந்து அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று விளக்கு வைக்கிற நேரத்தில், குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, திருடனைப்போல் அந்தச் சந்தில் நுழைந்தேன்.

அது டோ சைன் வீடு. டோ சைன் சுருட்டுச் சுற்றுகிறவள். கனகாம்பாளுக்கு அவள் பாஷை அரைகுறை, அவளுக்கு இவள் பாஷை அரைகுறை. இரண்டு அரையையும் சேர்த்துப் பதினோரு வருஷமாக முழுசாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்துதான் கிடந்தது. எட்டிப் பார்த்தேன்.

தாழ்வான வட்ட மேசைக்கு முன்னால் கனகாம்பாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் வேகவைத்த கீரை, வெள்ளரித் துண்டு, பச்சை மாங்காய், புளிச்ச இலை. நடுவில் ஒரு கிண்ணம். அதில் தோய்த்த வெள்ளரியை அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்த நேரத்தில்தான் வாசனை என் மூக்குக்கு எட்டியது. பர்மாவில் வாழ்கிற எவனுக்கும் அந்த வாசனையைச் சொல்லித்தரவேண்டாம். மீனையும் கூனிறாலையும் கல்லுப்போடு இடித்து, புளிக்கவைத்துச் செய்கிற ஙப்பி. அதைக் காய்ச்சிய ரசம்.

“அம்மா!” என்றேன்.

கண்ணைத் திறந்தாள். விழுங்கினாள். பிறகுதான் பேசினாள்.

“கதவைச் சாத்துடா.”

சாத்தினேன்.

“வடிவேலு, இதை நீ பாக்கலே.”

“நீங்க உப்பை விட்டுட்டதா சொன்னீங்களே!”

“விட்டுட்டேனே. இதுல உப்பு எங்கே இருக்கு? இது...” மீன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “இது இது.”

“இதுல பாதி உப்புதான், அம்மா! உப்பு இல்லேன்னா ஒரே நாள்ல நாறிப்போயிருக்கும்!”

“இப்பவும் நாறத்தானே செய்யுது” என்றாள். சொல்லிவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்தாள். உப்பு என்றால் ஜாடியில் வெள்ளையாக இருப்பது. அதை அவள் தொடவில்லை. இது அவள் கணக்கில் சாப்பாடே கிடையாது. சைவப் பொம்பளை சாப்பிடாத ஒன்றைச் சாப்பிட்டதாக எப்படிக் கணக்கில் எழுதுவது? டாக்டர் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோதெல்லாம் ஒளிக்கவேண்டும் என்று ஒளித்ததுகூட இல்லை. அந்த அரைமணி நேரம் அவள் வாழ்க்கைக்கு வெளியே நடந்துகொண்டிருந்தது.

“காமாலை வந்தப்போ வாயில பச்சைத்தண்ணி தங்கலே. நாக்கு செத்துக் கெடந்தது” என்றாள். “அவுங்களும் போயிட்டாங்க. நானும் போயிடலாம்னு படுத்துட்டேன். இவதான் வந்து ஒரு இலையை இதுல முக்கி வாயில வெச்சா. வாந்தி வரும்னு நெனச்சேன். பசி வந்துது.”

டோ சைன் என்னிடம், “நல்லது, நல்லது, சாப்பிடு” என்று ஒரு வெள்ளரித் துண்டை நீட்டினாள்.

“டாக்டர்கிட்ட சொல்லியாகணும்” என்றேன்.

“சொல்லு. அவர் வாயை மூடிக்கிட்டு இருப்பார்னா சொல்லு. கிளப்புல மூச்சு விடாதே. செட்டியாருக்குத் தெரிஞ்சா நாளைக்கு ஒரு இலை விழாது.”

“செட்டியார் இப்போ வேற மாதிரி பேசிக்கிட்டிருக்காரே. நீங்க இங்கே வந்து குடிக்கிறீங்கன்னு.”

நான் நினைத்தது, கோபத்தில் கிண்ணம் பறக்கும் என்று. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றுத் தண்ணீர் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

“பேசட்டும்டா. குடிக்கிறாள்னா அய்யோ பாவம்னு பேசிட்டு, மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து உக்காருவான். ஙப்பி தின்னாள்னா என் கையால பச்சைத்தண்ணி வாங்க மாட்டான். எது மேல்? குடிகாரியாவே இருந்துட்டுப் போறேன்.”

டாக்டரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பர்மாவுக்கு வந்து இத்தனை வருஷமாச்சு, இதைக் கேக்கணும்னு எனக்குத் தோணலியே” என்றார். அன்றே டோ சைனைக் கூப்பிட்டு பர்மீயத்தில் விளக்கினார். அவள் மார்பில் கை வைத்துக்கொண்டு, “அமலே! ஙப்பி இல்லாம மனுஷங்க எப்படி உயிரோட இருப்பாங்க?” என்று கேட்டாளாம். இந்த மனுஷி ஙப்பி இல்லாவிட்டால்தான் உயிரோடு இருப்பாள் என்றதும் அழுதுகொண்டே போனவள், மறுநாள் சுட்ட தக்காளி, சுட்ட பூண்டு, பச்சை மிளகாய், எலுமிச்சை எல்லாம் வைத்து உப்பே படாமல் ஒரு துவையல் இடித்துக் கொண்டுவந்தாள். கனகாம்பாள் ருசி பார்த்தாள்.

“எப்படி?” என்றேன்.

“செத்த வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கு” என்றாள். ஆனாலும் தின்றாள்.

கொக்கி குறைந்தது. ஒரு மாதத்தில் ஆணி மூட்டையே குறைந்தது. குழாய் ஊசி இல்லாமல் மழைக்காலம் முழுக்க ஓடியது. மோதிரம் கழன்று விழுந்து, நூல் சுற்றிப் போட்டுக்கொண்டாள். டாக்டர் மட்டும் என்னிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லி வைத்தார். வெளிக்குக் கருப்பாகத் தார்போலப் போனாலோ, ரத்தமாக வாந்தி எடுத்தாலோ, தேங்கிய ரத்தம் எங்கோ உடைத்துக்கொண்டது என்று அர்த்தம். அது ஒன்று.

“இன்னொண்ணு, ஈரல் கழிக்க வேண்டிய கழிவு தலைக்கு ஏறினா ஆள் மாறிப்போயிடுவாங்க. பகல்ல தூங்குவாங்க, ராத்திரி உலாத்துவாங்க, கை நடுங்கும், பேச்சு குளறும். பாக்கிறவங்க குடிச்சிருக்காங்கன்னுதான் நினைப்பாங்க. தூங்கட்டும்னு விட்டுட்டா அந்தத் தூக்கத்துலேருந்து எழுப்ப முடியாது. மலம் கட்டவே கூடாது. பேதி மருந்தை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. அப்படி ஏதாவது தெரிஞ்சா எனக்கு உடனே ஆள் அனுப்புங்க.”

இதை நான் கனகாம்பாளிடம் சொன்னபோது, “இருபது பேருக்குப் பரிமாறிக்கிட்டு எத்தனை தடவைடா ஓடறது?” என்றாள். ஆனாலும் மருந்தைக் குடித்தாள்.

கார்த்திகையில் என்னை ஆற்றுக்கு அந்தப்புறம் சிரியத்துக்கு மாற்றிவிட்டார்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆபீஸில் வேலை. லாஞ்சு ஏறினால்தான் ரங்கூன். அதனால் டெலிபோன்தான் எங்களுக்குப் பாலம். என் மேலதிகாரி சாப்பிடப் போகும் நேரம் பார்த்து நான் சுலைமான் பாய் கடைக்குப் போன் போடுவேன். பாய் மாடிப்படிக்குக் கீழே நின்று, “அக்கோவ், சிரியம்!” என்று கத்துவார். கனகாம்பாள் இறங்கிவந்து, தன் குரல் ஆற்றைத் தாண்டவேண்டும் என்ற எண்ணத்தில், கருவியை எட்டப் பிடித்துக்கொண்டு அலறுவாள்.

“கொக்கி இல்லே! சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். மருந்து?”

“ஆச்சு, ஆச்சு. வெச்சுடு, பாய்க்கு யாவாரம் கெடுது.”

தைப்பூசம் வந்தது. வெளியூர்களிலிருந்து காவடி எடுக்க வந்தவர்கள் கிளப்பில் வந்து விழுந்தார்கள். இரண்டு நாள் அவள் கீழே இறங்கி வரவே நேரமில்லை என்று பாய் சொன்னார். மூன்றாம் நாள் வந்தாள்.

“மருந்து?” என்றேன்.

“கூட்டம் போகட்டும்டா” என்றாள். பிறகு, “சாப்பிட்டியா?” என்றாள். பதில் சொன்னேன். கொஞ்சம் பொறுத்து, “சாப்பிட்டியா?” என்று மறுபடி கேட்டாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத்தான் எதைக் கண்டாலும் பயமாயிற்றே, இதற்கும் பயப்படுவதா என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த நாள் காலை லாஞ்சில் காசிவிசுவநாதன் சிரியத்துக்கு வந்தான். அவன் கடைக்கு அந்தப் பக்கம் வயல் வரவு செலவு உண்டு. வேலை முடிந்ததும் ஆபீஸ் வாசலில் வந்து என்னைக் கூப்பிட்டான். முகமெல்லாம் சிரிப்பு.

“நம்ம அம்மாவுக்குப் பட்டப்பகல்லயே ஏறிப்போச்சுப்பா. இன்னைக்குக் காலையில போறேன், அடுப்படியில உக்காந்தபடியே தூங்குது. எழுப்பினா, இட்லிக்குப் பாயசம் ஊத்துது. கை என்னமா நடுங்குது தெரியுமா? அதை விடு. என்னைப் பாத்து என்ன சொல்லிச்சு தெரியுமா?”

“என்ன?”

“‘சபாபதி, குளிச்சாச்சா?’ன்னுது! புருஷன் பேரைச் சொல்லி! அத்தனை பேர் நடுவுல! கிளப்பே கைகொட்டிச் சிரிச்சுது. ‘போய்ப் படும்மா, தெளிஞ்சதும் எழுந்து வா’ன்னு நான்தான் உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திட்டு வந்தேன்.”

பதினோரு வருஷம் சொல்லாத பெயர்.

“அது குடியில்லைய்யா” என்றேன். “அவங்க ஒருநாளும் குடிச்சதில்லே. அது ஈரல். கழிவு தலைக்கு ஏறுது. தூங்கவிட்டா போச்சு!”

“அப்போ அந்தப் பின்சந்து?”

“ஙப்பி! ஙப்பி திங்கப் போனாங்க! போதுமா? அதையும் விட்டு எட்டு மாசமாச்சு!”

காசிவிசுவநாதன் முகத்தில் மூன்று வருஷத்துச் சாம்பாரும் ரசமும் கூட்டும் ஒவ்வொன்றாக வந்துபோயின. கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

“ஙப்பியா? அந்தக் கையாலயா எனக்கு...” என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். “சரி, அதை அப்புறம் வெச்சுக்கலாம். ஆளு பொழைக்குமா?”

“இப்பவே மருந்து போனா பொழைக்கும்.”

“கதவை நான்தானே சாத்தினேன்” என்றான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டி, லாஞ்சுத் துறையைப் பார்த்து ஓட ஆரம்பித்தான். அந்தச் செட்டியார் ஓடி அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

லாஞ்சு போய்ச் சேரும்வரை காத்திருக்க முடியாது. டாக்டர் ராஜரத்தினத்திடம் டெலிபோன் கிடையாது. தெருமுனைவரை ஒரு ஆள் போய்ச் சொன்னால் போதும். அந்த ஆள் சுலைமான் பாய்தான். மேலதிகாரி தன் அறையிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் அனுமதியைக் கேட்காமலே அவர் மேசை மேலிருந்த கருவியை எடுத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எக்ஸ்சேஞ்சுப் பெண்ணிடம் நம்பரைச் சொன்னேன்.

மணி அடித்தது. அடித்தது.

“யாரும் எடுக்கவில்லை, ஐயா” என்றாள் அந்தப் பெண், இங்கிலீஷில்.

அப்போதுதான் கிழமை நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம். பாய் தொழுகைக்குப் போயிருப்பார். கடைக் கதவைப் பூட்ட மாட்டார், சும்மா சாத்திவிட்டுத்தான் போவார். அந்த மணி மாடிக்குக் கேட்கும். பின்சந்துக்கும் கேட்கும்; டோ சைன் சுருட்டுச் சுற்றிக்கொண்டு இருப்பாள்.

“இன்னும் அடிக்கவிடுங்கள்” என்றேன். “தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.”

“வேறு யாராவது எடுப்பார்களா?”

“எடுப்பார்கள்” என்றேன். மேலதிகாரி எழுந்து நின்றுவிட்டார். நான் கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ஆற்றுக்கு அந்தப்புறத்தில், ஆணி மூட்டைகளுக்கும் தராசுக்கும் நடுவே, மணி அடித்துக்கொண்டே இருந்தது.